டொல்பின் வானின் பின்சீற்: ஸ்பொஞ்சா, லேட்டக்ஸா, தும்பா?

போன வருசம் எனது டொல்பின் வானின் (பழைய டொயோட்டா ஹயேஸ்) பின்பக்கத்தை, கட்டிலாக விரியும் சீற்றாக மாற்றினேன். அறுகம்பேக்கு வரும் வெள்ளைக்காரர் சிலர் வானிலேயே படுத்து எழும்பி ஊர் சுற்றக் கேட்கிறார்கள். ஹயர் இல்லாத நாளில் வீட்டுக்கும் உதவும் என்பது என் கணக்கு. முதல் நெடும்பயணம் அம்மாவைக் கொழும்பு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது. 300 கிலோமீற்றருக்கு மேல். வாழைச்சேனை தாண்ட முன்னமே பின்னாலிருந்து கேட்டுது: "மனே, இது கட்டிலா, கதிரையா?"

கேட்டது சரிதான். கட்டில் மட்டமாக இருக்க வேணும். கதிரை அப்படியில்லை. எந்த வானின் பழைய சீற்றையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்விளிம்பு கொஞ்சம் உயர்ந்து பின்பக்கம் இறங்கியிருக்கும். மட்டப் பலகையில் குந்தினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு முன்னால் வழுகும், அதைப் பிடித்து வைப்பது இடுப்பும் முழங்காலும்தான். ஹபரணைப் பக்கம் யானை குறுக்கிட்டு நான் பிரேக் அடித்தபோது அம்மாவின் இடுப்புப் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிட்டது. வயிற்றில் கிடக்கும் பெல்ட் விபத்தில் வயிற்றையே காயப்படுத்தலாம்.

அதுக்குப் பிறகு நானும், கல்முனையில் வான் ஓடும் என் மச்சானும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

எல்லாரும் முதலில் ஓடுவது தடித்த ஸ்பொஞ்சுக்கு. நானும் ஓடினேன். 4 அங்குலத்தைக் கழற்றி 6 அங்குலம் போட்டேன், நிலைமை இன்னும் மோசம். கீழே சாமான் பெட்டி இருப்பதால் சீற் ஏற்கெனவே உயரம். அதுக்கு மேல் 2 அங்குலம் ஏற, அம்மாவின் கால் நிலத்தில் படவில்லை. தொங்கும் காலில் சீற்றின் விளிம்பு தொடைக்குக் கீழே அழுத்தும், பாதம் வீங்கும். ஸ்பொஞ்சில் பார்க்க வேண்டியது தடிப்பை அல்ல, அடர்த்தியை. கடைக்காரர் "ஹார்ட்" என்று சொல்வதை நம்பி வாங்காதீர்கள். கல்லுப்போல இருக்கிற மலிவுச் சாமானும் ஆறே மாதத்தில் அப்பளமாகும். நிறுத்துப் பாருங்கள். ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் தடிப்புள்ள துண்டு 3 கிலோவுக்கு மேல் இருந்தால் அடர்த்தி கனமீற்றருக்கு 30 கிலோவைத் தாண்டுது, சீற்றுக்கு ஆகும். 2 கிலோ என்றால் தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

லேட்டக்ஸ் வேற சாதி. எங்கட நாட்டு ரப்பர் பாலிலேயே செய்கிறார்கள். அழுத்திய இடம் உடனே மீளும், துளைகள் இருப்பதால் சூடும் குறைவு. ஐந்து மணித்தியாலம் கழித்து எழும்பும்போது ஸ்பொஞ்சுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஆனால் விலை கடிக்கும், பாரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெயிலுக்கும் ஆகாது: கண்ணாடியோரம் உறையில்லாமல் கிடந்தால் ரப்பர் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும். அதுமட்டுமல்ல, சரிவில்லாமல் போட்டால் லேட்டக்ஸிலும் ஆள் வழுகத்தான் செய்யும். மச்சான் காசைக் கொட்டின பிறகுதான் இதைக் கண்டுபிடித்தான்.

ரப்பர் பூசிய தென்னந்தும்பை இப்போது ஆரும் மதிப்பதில்லை. பழைய ஜெர்மன் கார்களின் சீற்றுக்குள்ளே இருந்தது இதுதான். காற்று ஓடும், அமுங்கிப் போகாது. தனியே போட்டால் சப்பாத்துக் கடை வாங்கில் குந்தியது போலிருக்கும். கீழே 2 அங்குலம் தும்பு, மேலே 2 அங்குலம் நல்ல ஸ்பொஞ்ச் என்றால் சோக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் நனைய விட்டால் மட்டும் பூஞ்சணம் பிடித்து வான் முழுக்க மணக்கும்.

ரீகண்டிஷன் வானின் (பாவித்து இறக்குமதியானது) சாயும் சீற்றுகள் உட்கார மட்டும் என்றால் எல்லாத்தையும் வெல்லும். முதுகு வளைவு, தலைச்சாய்வு எல்லாம் அளந்து செய்தவை. கட்டில் போய்விடும், அதுதான் விலை. பூட்டும்போது தகரத் தளத்தில் வெறும் நட்டுப் போடாமல் கீழே இரும்புத் தகடு வைக்க வேணும். பெல்ட்டைப் பிளைவூட் பெட்டியில் பூட்டும் ஆட்களும் இருக்கிறார்கள். அதைப் பார்த்தால் வானை விட்டு இறங்கிவிடுங்கள்.

கடைசியில் என் பிரச்சினை தீர்ந்தது குசன் கடையில் வெட்டுத்துண்டாகக் கிடந்த ஒரு ஸ்பொஞ்சால். 50 சென்ரிமீற்றர் ஆழமான சீற்றுக்கு, முன்பக்கம் 6 சென்ரிமீற்றர் உயர்ந்து பின்னால் ஒன்றுமில்லாமல் முடியும் ஆப்பு. ஏழு பாகைச் சரிவு, அவ்வளவுதான். பழைய 4 அங்குல ஸ்பொஞ்சைத் திரும்பப் போட்டு அதன் கீழே செருகினேன். முன்விளிம்பு உயர்வதால் காலுக்கு ஒரு பலகைப் பெட்டியும் வைத்தேன். முதுகுப் பலகையையும் கொஞ்சம் பின்னால் சாய்த்து, இடுப்புப் பள்ளத்துக்குச் சுருட்டிய துவாய். செலவு ஒரு நாள் டீசலும் இல்லை.

மேலுறை றெக்சினா துணியா என்று கேட்டால், எங்கட வெக்கைக்குத் துணிதான். றெக்சின் வேர்க்கும், வழுகும், ஆப்பு வைத்தும் பிரயோசனமில்லை. மருதமுனைக் கைத்தறித் துணியில் கழற்றித் தோய்க்கக்கூடிய உறை தைத்தேன்.

ஒன்று மட்டும் எந்த மெத்தையாலும் ஆகாது. பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் ஆளை லீஃப் ஸ்பிரிங் தூக்கித்தான் போடும். வெறும் வானில் இன்னும் மோசம், டயரில் காற்று கூடினால் சொல்லவே வேணாம். முடிந்தால் சீற்றை அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். என்னுடையது ஒன்றரை அடி நகர்ந்தது, அந்தளவுக்குக் கட்டிலும் கட்டையாச்சு. உயரமான வெள்ளைக்காரர் காலை மடக்கித்தான் படுக்கிறார்கள்.

அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. வழியில் நிறுத்திப் படுக்கும்போது ஆப்பை உருவி முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொள்கிறார். போன முறை அதை வீட்டுக்குள்ளே கொண்டு போய்விட்டார், நான் இன்னொன்று வெட்ட வேண்டியதாப் போச்சு.