பழைய பென்டியத்துக்கு எந்த ரேம்: 72 பின் சிம்மா, 168 பின் டிம்மா?

பினாங்கு லோரோங் குலிட் சந்தையில் போன மாதம் ஒரு பழைய மதர்போர்டு வாங்கினேன். பென்டியம் செயலிக்கான இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் (செயலியையும் ரேமையும் இணைக்கும் சில்லுத் தொகுதி), 1997 காலத்துச் சரக்கு. ரேம் அட்டைகளில் பழைய வகையான சிம்முக்கு நான்கு சாக்கெட்டும், புதிய வகையான டிம்முக்கு இரண்டு சாக்கெட்டும் அருகருகே இருந்தன. உடன் வந்த தம்பி, "ரெண்டையும் நிரப்பிடலாமே அண்ணே" என்றான். கூடாது. சிம் பெரும்பாலும் 5 வோல்ட்டில் ஓடும், எஸ்டிரேம் என்ற வேகமான ரேம் வகை உள்ள டிம்முக்கு 3.3 வோல்ட். சேர்த்துப் போட்டால் டிம் கெட்டுப்போகலாம். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பென்டியத்தின் தரவுப் பாதை 64 பிட். 72 பின் சிம் ஒன்று 32 பிட்தான் தரும். அதனால் ஜோடியாகத்தான் போட வேண்டும், ஜோடி இரண்டும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். பென்டியத்துக்கு முந்தைய 486 செயலியில் ஒற்றைச் சிம் போட்டுப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்: ஒன்றை மட்டும் செருகினால் திரையில் எதுவும் வராது. சிம்மில் வரும் இடிஓ, எஃப்பிஎம் என்ற இரண்டு ரேம் வகைகளும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் சந்தையில் ஜோடி சேர்ப்பது பெரும்பாடு. சாக்கெட்டின் பிளாஸ்டிக் கொக்கியும் இத்தனை வருடத்தில் மொறுமொறுத்துப் போயிருக்கும். சாய்த்துச் செருகி நிமிர்த்தும்போது அவசரப்பட்டால் உடைந்துவிடும்.

டிம் தனியாகவே 64 பிட். ஒன்று போதும், நேராக அழுத்தினால் உட்கார்ந்துவிடும், வேகமும் கூடுதல். ஆனால் சில்லுகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். 64 எம்பி டிம்மில் எட்டுச் சில்லு இருந்தால் நம்பலாம். நான்கே இருந்தால் அவை அடர்த்தி கூடிய பிற்காலச் சில்லுகள். 430டிஎக்ஸ் அதைப் பாதியாகக் காட்டும், அல்லது கண்டுகொள்ளவே கொள்ளாது.

சரி, எவ்வளவு போடலாம்? இந்த சிப்செட் 256 எம்பி வரை ஏற்கும். ஆனால் எல்2 கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்திருக்கும் சிறிய வேக நினைவகம்) ரேமின் முதல் 64 எம்பிக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதைத் தாண்டினால் கணினி மந்தமாகிவிடும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

என் தேர்வு 64 எம்பி டிம் ஒன்றே ஒன்று, சிம் சாக்கெட்டெல்லாம் காலி. உங்கள் கையில் இருப்பது 430எச்எக்ஸ் சிப்செட் என்றால் மட்டும் சிம் தேடுங்கள். அது எஸ்டிரேமை ஏற்காது, ஆனால் டேக் ரேம் (கேஷில் எது இருக்கிறது என்று குறித்துவைக்கும் சில்லு) கூடுதலாக இருந்தால் 512 எம்பி வரை கேஷ் செய்யும்.