ஸ்டெல்லாரியம்: பாபிலோன் கிரகணம் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்த மென்பொருள்

வானத்தை அப்படியே திரையில் காட்டும் ஸ்டெல்லாரியத்தை கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிற நாம் பெரும்பாலும் இன்று ராத்திரி சனி எங்கே தெரியும், வியாழன் எப்போது உதிக்கும் என்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். எஃப்2 அழுத்தினால் வரும் அமைப்புகளில், நேரத்துக்கான பக்கத்தில், டெல்டா-டி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மாறாத வேகத்தில் ஓடும் கடிகாரத்துக்கும் பூமியின் சுழற்சி காட்டும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் டெல்டா-டி. இலவசமாகக் கிடைக்கும் இந்த மென்பொருளுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்க எனக்கு அந்த ஒரு பட்டியலே போதும்.

அலைகள் (கரையில் வந்து அடிக்கும் அலை இல்லை, நிலா இழுப்பதால் கடல் ஏறி இறங்கும் ஓதம்) பூமிக்கு பிரேக் போடுகின்றன, அந்தக் கணக்குதான் அதில் இருக்கிறது. நிலா தன் பக்கமாகக் கடலை இழுத்துப் புடைக்க வைக்கிறது, ஆனால் நிலா ஒரு சுற்று வருவதற்குள் பூமி இருபத்தேழு தடவைக்கு மேல் தன்னைத்தானே சுற்றிவிடுவதால் அந்தப் புடைப்பை நிலாவுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் விடுகிறது, நிலா அதைப் பின்னோக்கி இழுக்கிறது. அதனால் பூமி மெதுவாகிறது. பதிலுக்குப் புடைப்பு நிலாவை முன்னோக்கி இழுப்பதால் நிலா வருடத்துக்கு சுமார் 3.8 செ.மீ. விலகிப் போகிறது. அப்பல்லோ 11 வீரர்கள் 1969-இல் வைத்துவிட்டு வந்த கண்ணாடியில் லேசர் அடித்து இன்றும் இதை அளக்கிறார்கள்.

ஒரு நூற்றாண்டுக்கு ஒரு நாளின் நீளம் கிட்டத்தட்ட 1.8 மில்லிநொடிதான் கூடுகிறது. (அலை மட்டும் இருந்தால் 2.3 வரை போகும், பனியுகத்தில் பனிப்பாளங்கள் அழுத்தி வைத்திருந்த நிலம் இன்னும் மேலெழும்பிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் குறைகிறது.) கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் தினமும் துளித்துளியாகப் பின்தங்கும் கடிகாரம் மாதிரி, ஏழு லட்சத்துக்கும் அதிகமான நாட்களில் அது சேர்ந்துகொண்டே போகிறது.

எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? எஃப்6 அழுத்தி இடத்தை ஈராக்கின் ஹில்லாவுக்கு மாற்றுங்கள், பழைய பாபிலோன் அதை ஒட்டித்தான் இருந்தது. தேதி கி.மு. 136 ஏப்ரல் 15. இங்கே ஒரு எச்சரிக்கை, ஸ்டெல்லாரியத்தில் பூஜ்ஜியம் என்றொரு வருடம் உண்டு, அதனால் -135 என்று கொடுக்க வேண்டும். -136 கொடுத்தால் ஒரு வருடம் தள்ளிப்போய் ஒன்றுமே நடக்காது. சரியாகக் கொடுத்துக் காலை நேரத்தை மெதுவாக நகர்த்தினால் சூரியன் முழுசாக மறையும். அதே கிரகணத்தை அன்று பாபிலோனில் நின்று பார்த்தவர்கள் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். சூரியன் உதித்து 24 பாகை கடந்ததும், அதாவது நம் கணக்கில் 96 நிமிடத்தில், கிரகணம் தொடங்கியது என்றும், வெள்ளியும் புதனும் தெரிந்தன, அந்தச் சமயம் கண்ணில் படாமல் மறைந்திருந்த வியாழனும் செவ்வாயும்கூடத் தெரிந்தன என்றும் அதில் இருக்கிறது. திரையில் அந்த நான்கும் சூரியனைச் சுற்றி நிற்பதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

அப்புறம் அந்தப் பட்டியலுக்குப் போய் திருத்தமே வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூமி அன்றிலிருந்து இன்று வரை ஒரே வேகத்தில் சுற்றியது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். பாபிலோனில் முழு இருட்டு காணாமல் போய்விடும். இருள் விழுந்த பட்டை ஏறக்குறைய 50 பாகை மேற்கே, மத்தியதரைக் கடலின் மேற்குக் கோடிப் பக்கம் நகர்ந்துவிடும். அந்த வித்தியாசம் மூன்றேகால் மணி நேரம் வாக்கில் இருக்கும், கடல் அலை பூமியிடமிருந்து பிடித்துக்கொண்ட நேரம். எத்தனையோ விளக்கப்படம் பார்த்திருக்கிறேன், எதுவும் இந்த அளவுக்குப் புரியவைக்கவில்லை.

இதே விஷயத்துக்கு வேறு இரண்டு இடங்களும் நன்றாக இருக்கின்றன. நிலாவில் போய் நின்று நேரத்தை வேகமாக ஓட்டினால் (எல் விசை) பூமி உதிக்கவும் இல்லை, மறையவும் இல்லை, ஒரே இடத்தில் லேசாக ஆடிக்கொண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். பூமியின் இழுப்பு நிலாவின் சுழற்சியை எப்போதோ மெதுவாக்கி, ஒரு சுற்று வருவதற்குள் ஒரே தடவை சுழலும்படி செய்து, ஒரு முகத்தை நம் பக்கம் பூட்டிவிட்டது, அதைத்தான் பார்க்கிறோம். செவ்வாயில் நின்றால் அதன் நிலாவான போபோஸ் மேற்கே உதிக்கும். செவ்வாய் ஒரு தடவை சுழல்வதற்குள் போபோஸ் மூன்று சுற்று வந்துவிடுவதால் அங்கே அலைப் புடைப்பு பின்தங்கி அதைக் கீழே இழுக்கிறது, நூறு வருடத்துக்கு சுமார் 1.8 மீட்டர் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

குறை என்றால், ஸ்டெல்லாரியம் அலைகளைக் கணக்கிடுவதில்லை. பழைய கிரகணக் குறிப்புகளிலிருந்து மற்றவர்கள் வகுத்த சூத்திரங்களைத்தான் பயன்படுத்துகிறது. டைனோசர் காலத்து நிலா எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று கேட்க இது சரியான இடம் இல்லை, சில ஆயிரம் வருடங்களுக்கு அப்பால் போனால் நம்பக் கூடாது. அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களுக்கு ஒரு புதியவருக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி விளக்கம் சேர்த்தால் பள்ளி ஆசிரியர்களுக்கு எவ்வளவோ உதவும்.

நான் சொல்வதெல்லாம் கம்ப்யூட்டர் பதிப்பைப் பற்றி. பாபிலோன் கிரகணத்தின்போது ஏ விசையை அழுத்தி வளிமண்டலத்தை அணைத்துவிடுங்கள், நான்கு கோள்களும் பளிச்சென்று தெரியும். பார்த்து முடித்ததும் டெல்டா-டி பட்டியலைப் பழையபடி மாற்றி வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்த கிரகணத்துக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் தப்பும்.