ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்து ஒன்றரை வருடம் ஆகிறது

லேப்டாப்பில் இடம் போதவில்லை, ரெக்கவரி பார்ட்டிஷனை (விண்டோஸ் பழுதானால் மீட்பதற்காக டிஸ்க்கில் ஒதுக்கிவைத்த பகுதி) அழித்துவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் அழித்தவன். ஆனாலும் சட்டென்று ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

என் லேப்டாப்புக்கு ஐந்து வயது. கீபோர்டு இன்றும் வாங்கிய அன்று போலவே இருக்கிறது, திரையிலும் குறையில்லை. இடம்தான் பிரச்சினை. 128 ஜிபி எஸ்எஸ்டி என்றால் விண்டோஸ் கணக்கில் 119தான். அதிலும் 13 ஜிபியைத் தயாரிப்பாளரே ரெக்கவரிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிடும். தற்காலிக ஃபைல்களைத் துடைப்பேன், ஹைபர்னேஷனை நிறுத்தினேன், இரண்டு மாதத்தில் மறுபடி சிவப்பு.

அந்த 13 ஜிபிக்குள் இருந்தது, லேப்டாப் விற்பனைக்கு வந்தபோது இருந்த பழைய விண்டோஸ். அதை மீட்டெடுத்தால் அத்தனை வருட அப்டேட்டையும் முதலிலிருந்து போட வேண்டும். விண்டோஸ் லைசன்ஸ் கீ மதர்போர்டில் இருப்பதால் அதுவும் போய்விடாது. சரி, அழிப்போம் என்று முடிவெடுத்தேன். முதலில் 32 ஜிபி பென்டிரைவில் ரெக்கவரி டிரைவ் உருவாக்கி, அதிலிருந்து பூட் ஆகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

பார்ட்டிஷன்களைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதை ரைட் கிளிக் செய்தால் 'ஹெல்ப்' மட்டும்தான் வந்தது. கட்டளை தட்டி வேலை செய்யும் டிஸ்க்பார்ட்டில் 'ஓவர்ரைடு' (override) சேர்த்து அழிக்க வேண்டியிருந்தது. அங்கே பார்ட்டிஷனை எண்ணைச் சொல்லித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸைத் தொடங்கிவைக்கும் 260 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தவறி அழித்தால் விண்டோஸ் பூட்டே ஆகாது. என்டர் தட்டும் முன் அளவை மூன்று முறை சரிபார்த்தேன்.

அழித்தாயிற்று. ஆனால் காலி இடத்தை சி டிரைவோடு சேர்க்கும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே நின்றது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காலி இடம் சி டிரைவை ஒட்டி வலப்பக்கம் இருந்தால்தான் விண்டோஸ் சேர்க்கும். நடுவே 990 எம்பியில் இன்னொரு ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தது. அதையும் தூக்கிவிடலாமா என்று அன்று கை துறுதுறுத்தது. விட்டுவிட்டேன். காலி இடத்தை டி டிரைவ் ஆக்கி போட்டோக்களை அங்கே மாற்றினேன். சி டிரைவுக்கு மூச்சு வந்தது.

எட்டு மாதம் கழித்து ஓர் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் எழும்பவில்லை. இரண்டு மூன்று முறை தடுமாறி, நீலத்திரையில் தானாகவே சரிசெய்யும் மெனு வந்தது. கடைசி அப்டேட்டை நீக்கினேன், பத்து நிமிடத்தில் என் ஃபைல்களோடு திரும்பி வந்தது. அந்த மெனு இருந்தது நான் அன்று அழிக்காமல் விட்ட 990 எம்பியில்! பென்டிரைவைத் தேடவே தேவைப்படவில்லை.

நண்பருக்குச் சொன்னது இதுதான்: பென்டிரைவ் தயாராக இருந்தால் பெரியதை அழியுங்கள், சின்னதைத் தொடாதீர்கள். லேப்டாப்பைப் பற்றிக் கேட்டால், நல்ல லேப்டாப்தான். இதே மாடல் பாதி விலைக்கு வந்தாலும் 128 ஜிபியில் மறுபடி வாங்க மாட்டேன்.