யார் சாபம்? கேம் ஆஃப் த்ரோன்ஸ், ரிங்ஸ் ஆஃப் பவர், நடுவில் ஒரு கர்ண மோட்சம்

போன கோடையில் நானும் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற என் மாமா பையனும் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்துத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். அன்று ராத்திரி கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்து. வேஷம் கட்டி முடிய பத்தரை ஆகும் என்றார்கள். அதுவரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஆங்கில ஃபேன்டஸி தொடர்களில் கேம் ஆஃப் த்ரோன்ஸ் பெரிதா, ரிங்ஸ் ஆஃப் பவர் பெரிதா என்று அவன்தான் ஆரம்பித்தான். அவனுக்கு இரண்டாவது, எனக்கு முதலாவது. கொஞ்ச நேரத்திலேயே எங்கள் சண்டை எது பெரிது என்பதில் இல்லை, எதை வைத்து அளப்பது என்பதில்தான் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு தொடர்களின் முக்கியமான திருப்பங்களையும் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

அவன் முதலில் எடுத்தது காசு. ரிங்ஸ் ஆஃப் பவர் கதை உரிமைக்கே சுமார் 25 கோடி டாலர், 2022ல் வந்த முதல் சீசனைத் தயாரிக்க சுமார் 46 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. மொத்தம் 8 எபிசோடு, வகுத்துப் பார்த்தால் எபிசோடுக்குக் கிட்டத்தட்ட 6 கோடி டாலர். 2011ல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடங்கியபோது ஒரு எபிசோடுக்குச் சுமார் 60 லட்சம் டாலர்தான் செலவானதாகச் சொல்வார்கள். பத்து மடங்கு வித்தியாசம். அந்தக் காசு திரையில் தெரியவும் தெரிகிறது, பொய் சொல்லக் கூடாது. நூமெனோர் என்கிற தீவு ராஜ்யத்தின் துறைமுகத்துக்குள் கப்பல் நுழையும் காட்சியில் பாறையில் செதுக்கிய அந்த ராட்சதச் சிலையைப் பார்த்து நானும் ஒரு நிமிஷம் வாயடைத்துத்தான் போனேன்.

ஆனால் கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதல் சீசனில் ஒரு பெரிய சண்டை வரும். பெரிய பிரபு வீட்டுப் பிள்ளையான டிரியன் போர்க்களத்துக்குக் கிளம்புவான், கூட்டத்தில் தலையில் ஒரு அடி விழும், மயங்கிவிடுவான். கண் விழிக்கும்போது சண்டை முடிந்திருக்கும். படம் எடுக்கக் காசு இல்லை, அதனால் சண்டையையே காட்டவில்லை. நான் பார்த்தபோது அது ஒரு குறையாகவே தோன்றவில்லை, ஏனென்றால் அந்தச் சண்டைக்குள் அவன் எப்படி வந்து மாட்டினான், அவன் அப்பாவுக்கு அவனை ஏன் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அதற்குள் நமக்குத் தெரிந்துபோயிருந்தது. இதை மாமா பையனிடம் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. எதிரே கூத்து மேடையைக் காட்டினேன். நாலு கழி, ஒரு திரை, ஆர்மோனியம், மத்தளம், முகவீணை. இன்னும் சில மணி நேரத்தில் அங்கேதான் பதினேழாம் நாள் போர் நடக்கப் போகிறது, அதுவும் இரண்டே பேரை வைத்து. புஜக்கட்டையும் கிரீடமும் கட்டின ஆள் ஒரு கிறுக்கி போட்டுச் சுற்றி நின்றால் தேர் திரும்பிவிட்டது என்று கடைசி வரிசைப் பாட்டிக்கும் புரியும்.

வெளிச்சமும் இதில் சேரும். கேம் ஆஃப் த்ரோன்ஸ் எட்டாவது சீசனின் மூன்றாவது எபிசோடு முழுக்க ராத்திரிப் போர், 55 ராத்திரி வெளிப்புறத்தில் எடுத்தார்கள். பார்த்தவர்களில் ஏகப்பட்ட பேர் இருட்டில் யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று புலம்பினார்கள், ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் டிவியைச் சரியாக டியூன் செய்து பார்க்கத் தெரியாததுதான் காரணம் என்கிற மாதிரி பதில் சொன்னார். எங்கள் பக்கம் நான் பார்த்த கூத்துகளில் கிருஷ்ணனுக்கு முகத்தில் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு. பெட்ரோமாக்ஸ் விளக்குக் காலத்திலிருந்தே தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும் என்கிற அக்கறை அதில் இருக்கிறது. பார்க்கிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று யோசிப்பதும் தரத்தில் சேர்த்திதான்.

யார் யாருக்கு என்ன உறவு என்பது இன்னொன்று, இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கேம் ஆஃப் த்ரோன்ஸின் முதல் வெள்ளோட்ட எபிசோடை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, ரகசியக் காதலர்களான ஜேமியும் செர்சியும் அக்கா தம்பி என்பதே அவர்களுக்குப் புரியவில்லையாம். மொத்தக் கதையும் அந்த ஒரு உறவின் மேல் நிற்கிறது! பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள், சில நடிகர்களையும் மாற்றினார்கள். அந்த உழைப்பால்தான் அத்தனை குடும்பம், அத்தனை பெயர் இருந்தும் நாம் தடுமாறாமல் பார்த்தோம். ரிங்ஸ் ஆஃப் பவரில் நாலைந்து கதைகள் நாலைந்து ஊர்களில் தனித்தனியாக ஓடுகின்றன. முதல் சீசனில் பாதி தாண்டியும் இவர்களுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று என் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கேள்வி நியாயமானது.

அப்புறம் புத்தகம். மூலக் கதையை எழுதிய டோல்கீனின் வாசகர்கள் ரிங்ஸ் ஆஃப் பவர் மேல் வைக்கிற பெரிய குற்றச்சாட்டு இதுதான். அவர் கதையில் இரண்டாம் யுகம் என்பது மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட கதை, அதைச் சில மனிதர்களின் ஆயுளுக்குள் சுருக்கிவிட்டார்கள். புத்தகத்தில் எல்ஃப் என்கிற இனத்தாரின் மூன்று மந்திர மோதிரங்கள், வில்லன் சௌரோன் தனக்கென்று செய்த ஒன்றைத் தவிர மற்ற மோதிரங்களுக்குப் பின்னால் செய்யப்பட்டவை, தொடரில் முதலிலேயே செய்துவிடுகிறார்கள். படைப்பாளிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: அவர்களிடம் இருந்தது நாவல்களும் அவற்றின் பின்னிணைப்புகளும்தான், பழைய யுகங்களின் கதையைச் சொல்லும் சில்மரில்லியன் புத்தகத்தின் உரிமை இல்லை. இடைவெளியைச் சொந்தமாக நிரப்பத்தான் வேண்டியிருந்தது. கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கோ வேறு கஷ்டம், அதன் மூல நாவல்களை எழுதும் ஜார்ஜ் மார்ட்டினின் ஐந்தாவது நாவல் 2011ல் வந்தது, ஆறாவது வருவதற்குள் தொடர் புத்தகத்தைத் தாண்டி ஓடிவிட்டது.

நான் இந்த அளவுகோலை அவ்வளவாக நம்புவதில்லை. காரணம் பொன்னுருவி. கர்ண மோட்சத்தில் போருக்குப் போகும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருவான், பிறப்புத் தெரியாதவன் என்று அவனை அவள் மதிக்காமல் பேசுவாள், வாக்குவாதம் பாட்டிலேயே வளர்ந்துகொண்டு போகும், அந்த ராத்திரியின் உயிரே அதுதான். வியாசர் பாரதத்தில் பொன்னுருவி கிடையாது. யாராவது எழுந்து நின்று மூலத்தில் இல்லையே என்று கேட்டிருக்கிறார்களா? தன் குலம் என்னவென்று தெரியாமல் சாகப் போகிறவனுக்கு அப்படி ஒரு மனைவி இருந்தால் எப்படி இருக்கும் என்று தமிழில் யாரோ யோசித்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்த்தது பழையதை இன்னும் ஆழமாக்குகிறது. சேர்க்கலாம், மாற்றலாம், ஆனால் சேர்த்தது கதையோடு ஒட்ட வேண்டும். ரிங்ஸ் ஆஃப் பவரில் நடுக்கடலில் கப்பலிலிருந்து குதித்த எல்ஃப் நாயகி கலாட்ரியல் நீந்திப்போய்ச் சேருகிற தெப்பத்தில் சௌரோனே வேஷம் மாறி உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்கு ஒட்டவில்லை. அவ்வளவு பெரிய கடலில் அந்த ஒரு தெப்பமா?

மார்க் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2019ல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், அதே வருஷம் அதே சீசனுக்குச் சிறந்த தொடருக்கான எம்மி விருது கிடைத்தது. ரிங்ஸ் ஆஃப் பவருக்கு விமர்சகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள், பார்வையாளர் மதிப்பெண் பாதிகூடத் தேறவில்லை. அதில் தொடரைப் பார்க்காமலே, நடிகர்களின் நிறத்தை மட்டும் வைத்துத் திட்டினவர்களும் இருந்தார்கள். எந்த எண்ணை நம்புவது?

எங்கள் வீட்டு எண் வேறு, ஹாலில் போட முடியுமா என்பது. ரிங்ஸ் ஆஃப் பவரைத் தமிழிலேயே பார்க்கலாம், அம்மா, பிள்ளைகள் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கலாம். கேம் ஆஃப் த்ரோன்ஸை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தனியாகத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதுவே முடிவைத் தீர்மானித்துவிடும், இதில் தப்பும் இல்லை. 2013ல் வந்து விஜய் டிவியில் தமிழில் ஓடிய மகாபாரதம் 267 எபிசோடு. ஒரு வசனத்துக்கு ஏழு பேர் முகத்தைக் காட்டுவார்கள், இருந்தும் எங்கள் தெருவில் மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்து பார்த்த தொடர் அது. அந்த இடத்தை இவை இரண்டுமே பிடிக்கவில்லை.

சரி, எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கேம் ஆஃப் த்ரோன்ஸின் முதல் நாலு சீசன்கள் ஏன் அப்படி உலுக்கின? அதில் செய்ததற்கு விலை இருந்தது. இளம் ராஜா ராப் ஸ்டார்க், ஃப்ரே என்கிற பிரபு வீட்டில் பெண் எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். தாம்பூலம் மாற்றிய பிறகு பேச்சு மாறினால் இரண்டு ஊருக்கும் ஆகாமல் போகும் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? பிறகு அதே ஃப்ரே வீட்டில் நடந்த வேறொரு கல்யாண விருந்தில் அவனும் அவன் அம்மாவும் வெட்டுப்பட்டு விழுந்தபோது பதறினோம், ஆனால் அநியாயமாகக் கதையை முறித்துவிட்டார்கள் என்று தோன்றவில்லை. ஜேமியின் கையை வெட்டினார்கள், வெட்டினது வெட்டினதுதான், கடைசி வரை இடது கையால் தடுமாறினான். ஹோடோர் முதல் சீசனிலிருந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தான், அது ஏன் என்று ஆறாவது சீசனில் தெரிந்தபோது நான் அழுதேன். ராஜா தலைநகரத்திலிருந்து வடக்கே ஸ்டார்க் குடும்பத்துக் கோட்டையான வின்டர்ஃபெல் வர ஒரு மாதம் ஆனது. தூரம்கூட ஒரு வாக்கு மாதிரி இருந்தது.

ஏழாவது சீசனில் அது போனது. வடக்கு எல்லைப் பனிச் சுவருக்கு அப்பால் உறைந்த ஏரியில் ஆட்கள் மாட்டிக்கொள்ள, ஒருவன் ஓடிப்போய்ச் சொல்ல, பறவை பறந்து தெற்கே சேர, டிராகன்கள் வளர்க்கும் ராணி டெனேரிஸ் டிராகனில் வந்து காப்பாற்ற, எல்லாம் ஏறக்குறைய ஒரு ராத்திரியில். எட்டாவது சீசன் நாலாவது எபிசோடில் அவள் டிராகன்களோடு பறந்து வரும்போது எதிரியான யூரானின் கப்பல்கள் மறைந்திருந்து ஒரு டிராகனை அடித்துக் கொன்றுவிடுகின்றன. வானத்திலிருந்து பார்க்கிறவளுக்குக் கப்பல் கூட்டம் எப்படித் தெரியவில்லை? தொடரை உருவாக்கினவர்களில் ஒருவரான டேவிட் பெனியாஃப் சொன்ன விளக்கம், அந்தக் கப்பல்படையை அவள் கொஞ்சம் மறந்துவிட்டாள் என்பது. அதே எபிசோடில், அவள் இருக்கும்போதே, அந்தக் கப்பல்களைப் பற்றி ஆலோசனையில் பேசியிருந்தார்கள்.

இதை நான் மாமா பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். டிராகனா பாம்பா என்று ஒன்றும் அவருக்குத் தெரியாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு,

"அந்தப் பொண்ணு மறந்துட்டான்னு சொன்னீங்களே தம்பி, யார் சாபம்?" என்று கேட்டார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சாபம் எதுவும் இல்லைங்க, சும்மா மறந்துவிட்டாள் என்றேன். "அது எப்படி?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கர்ணனும் மறந்தான், உயிர் போகிற நேரத்தில் அஸ்திரத்தின் மந்திரம் ஞாபகம் வரவில்லை. ஆனால் பரசுராமர் அவன் மடியில் தலை வைத்துத் தூங்கியதும், வண்டு தொடையைத் துளைத்தபோது குருவின் தூக்கம் கலையக் கூடாது என்று அவன் அசையாமல் பொறுத்ததும், ரத்தம் பட்டு விழித்தவர் இவ்வளவு வலி தாங்குகிறவன் பிராமணன் இல்லை என்று கண்டுபிடித்துச் சபித்ததும் நமக்கு முன்னாலேயே தெரியும். மண்ணில் இறங்கின தேர்ச் சக்கரத்துக்கும் தனியாக ஒரு சாபம் இருக்கிறது. கர்ணன் சாவது தெரிந்த கதைதான், அந்தச் சாபங்கள் எப்போது வந்து கதவைத் தட்டும் என்பதற்காகத்தான் விடிய விடியக் காத்திருக்கிறோம். ஃபேன்டஸி கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதாலேயே அங்கே வரம் வரமாகவும் சாபம் சாபமாகவும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ரிங்ஸ் ஆஃப் பவர் இதில் முதலிலிருந்தே பலவீனம். ஆறாவது எபிசோடின் கடைசியில் எரிமலை வெடிக்கும், நெருப்பும் சாம்பலுமாக ஒரு மேகம் ஊரையே மூடும், கலாட்ரியல் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் நிற்பாள். அபாரமான காட்சி. அடுத்த எபிசோடில் சாம்பலோடு எழுந்து நடக்கிறாள். நெருப்புக்கே விலை இல்லை என்றால் அதன்பின் எந்த வாளுக்குப் பயப்படுவது? எல்ஃப்கள் வசந்தத்துக்குள் அழிந்துவிடுவார்கள் என்று ஐந்தாவது எபிசோடில் ஒரு கெடு சொல்லப்படுகிறது, எட்டாவதில் மோதிரம் செய்தவுடன் தீர்ந்துபோகிறது. இரண்டாவது சீசனில் மோதிரம் செய்கிற எல்ஃப் கெலெப்ரிம்போரைச் சௌரோன் கொஞ்சம் கொஞ்சமாக ஏமாற்றுகிற பகுதி மட்டும் விதிவிலக்கு. அந்தக் கைவினைஞனின் பெருமையே அவனைக் கெடுக்கிறது, ஒவ்வொரு படியும் அவனே எடுத்து வைத்தது. மாமா பையனுக்காக இல்லை, உண்மையாகவே அது நன்றாக இருந்தது.

அதனால் என் கணக்கு இது. குடும்பத்தோடு பார்க்க, கண்ணுக்கு விருந்தாக வேண்டுமென்றால் ரிங்ஸ் ஆஃப் பவர். முதல் சீசனில் பொறுமை வேண்டும், இரண்டாவது பரவாயில்லை. கேம் ஆஃப் த்ரோன்ஸின் முதல் நாலு சீசன் இதைவிடப் பல மடங்கு மேல், ஆறாவது வரை தயங்காமல் போகலாம். கடைசி இரண்டையும் பார்க்காமல் யாரும் விடப்போவதில்லை, மனதைத் தயார் செய்துகொண்டு பாருங்கள்.

அடுத்த ராத்திரி பதினெட்டாம் போருக்கும் இருந்தோம், விடிந்ததும் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருந்தான், மீசையே ஒரு ஆள் நீளம். பீம வேஷக்காரர் அந்த உடம்பின் மேலேயே ஓடித் துரத்தி, தொடையில் கதாயுதத்தால் அடித்ததும் உள்ளே வைத்திருந்த சிவப்புத் தண்ணீர் கொப்பளித்தது. சூதாட்டத்தன்று அவிழ்த்த கூந்தலை அப்போதுதான் திரௌபதி முடித்தாள். என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தர் அதுவரை கையை நெஞ்சில் வைத்தபடி நின்றவர், பெருமூச்சு விட்டுவிட்டு, படுகளத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமா பையன் ஃபோனை எடுத்து எட்டாவது சீசன் நாலாவது எபிசோடை அந்தக் கப்பல் இடத்துக்குத் தள்ளிப் போட்டுப் பார்த்தான். இரண்டு தரம் பார்த்தான்.

"மச்சான், இங்க முன்னாடியே ஒரே ஒரு சாபம் வெச்சிருந்தா போதும் இல்ல?" என்றான்.