ஐஸ்பெட்டியில் 14 வாரம்: சுங்கை சிப்புட் வெயிலில் துலிப்

கிழங்குப் பொட்டலத்தில் 'முன்பூக்கும் வகை' என்று போட்டிருந்தால், குளிர் கொஞ்சம் குறைந்தாலும் பூத்துவிடும் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் அதிகம். அப்படி இல்லை. நெதர்லாந்தில் மற்ற துலிப் ஏப்ரல் கடைசியிலும் மே மாதமும் பூக்கிறது, இது மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதலிலோ பூக்கிறது. 'முன்' என்பது அவ்வளவுதான். 9 டிகிரிக்கு மேல் போகாத குளிர் 12 முதல் 16 வாரம் இதற்கும் வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பகலில் 33, விடியற்காலையில் 23, 24. சிம்பாங் புலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறினாலும் தீராது. அங்கே தானா ராத்தாவின் இரவே 15 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆக, இங்கே துலிப் வளர்ப்பது என்றால் ஐஸ்பெட்டியில் வளர்ப்பது. தோட்டத்துப் பங்கு கடைசிச் சில நாள் மட்டும். நான்கு பருவம் தொடர்ந்து செய்து பார்த்ததில் தேறியதையும் தேறாததையும் சொல்கிறேன்.

கிழங்கு 12 செ.மீ. சுற்றளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பூ கிழங்குக்குள்ளேயே உருவாகித்தான் வருகிறது. சந்தேகமிருந்தால் ஒன்றைப் பலிகொடுத்து நெடுக்காக வெட்டிப் பாருங்கள்: நடுவில் மஞ்சள் குருத்து, அதன் நுனியில் குண்டூசித் தலை அளவுக்குப் பூ, உருப்பெருக்கியில் பார்த்தால் ஆறு மகரந்தத் தாள்களும் நடுவில் முக்கோணச் சூலகமும் தெரியும். அந்த முக்கோணம் தெரியாவிட்டால் கிழங்கு இன்னும் குளிருக்குத் தயாராகவில்லை. ஒரு வாரம், பத்து நாள் ஏர்கோன் அறையில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேராகத் தபாலில் தருவிக்காதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வந்தால் நுழைவாயிலிலேயே பறிபோகும். அனுமதியோடு இறக்கும் நர்சரியில் செப்டம்பரில் வாங்குவதே மேல்.

கைக்கு வந்ததும் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை, அழுத்தினால் பொத்தென்று உள்ளே போவது, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூஞ்சை இருந்தால் அது ஃபியூசேரியம். அந்த ஒரு கிழங்கை எறிவதோடு வேலை முடியாது. அழுகும் கிழங்கு எத்திலீன் வாயுவை விட்டுப் பக்கத்துக் கிழங்கின் பூவையும் கருக்கிவிடும். பச்சை நீலப் பூஞ்சை மேல்தோலில் மட்டும் இருந்தால் பயமில்லை, துடைத்துவிடலாம். கிழங்கின் அடியில் வேர் கிளம்பும் தட்டைச் சுற்றியுள்ள பழுப்புத் தோலை மட்டும் உரித்துவிடுங்கள்: வேர் சுலபமாக வெளியே வரும், ஒளிந்திருக்கும் அழுகலும் தெரிந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துலிப் சாறு பட்டுப்பட்டு விரல்நுனி வெடிக்கும்.

சட்டி 15 செ.மீ., அதில் ஐந்து கிழங்கு. கலவைக்குக் கொக்கோபீட் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. கொக்கோபீட்டை இரண்டு தடவை அலசி உப்பைப் போக்கிக்கொள்ள வேண்டும். உரம் வேண்டாம், கோழிச்சாணம் வேண்டவே வேண்டாம். சாப்பாட்டைக் கிழங்கே கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கிழங்கின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்தைச் சட்டியின் சுவரைப் பார்த்து வையுங்கள். முதல் பெரிய இலை அந்தப் பக்கம்தான் வரும். ஐந்து இலையும் வெளியே சாய்ந்து சட்டியை மூட, பூத்தண்டுகள் நடுவில் நிற்கும். கிழங்கின் கூர்நுனி மண்மட்டத்தில் தெரியும்படி நட்டால் போதும்.

கிழங்கைக் காகிதப் பையில் போட்டுக் குளிர வைத்துவிட்டுப் பிறகு மண்ணில் நடலாம் என்று பலர் சொல்வார்கள். முதல் பருவத்தில் வீணானது அந்த முறையில்தான். வேர் விடவும் குளிர்ந்த மண் வேண்டும். நம் ஊர்ச் சட்டி மண் நிழலிலேயே 27, 28 டிகிரி. குளிர் முடிந்த கிழங்கு அதில் குருத்தை நீட்டுமே தவிர வேரை விடாது, பத்து நாளில் அடி அழுகிவிடும். சட்டியில் நட்டு, நனைத்து, சட்டியோடு உள்ளே வைப்பதே வழி.

இதற்கென்று பழைய ஒற்றைக் கதவு ஐஸ்பெட்டி ஒன்று தனியாக இருந்தால் நல்லது. பனி கட்டாத புது மாடல் ஈரத்தை உறிஞ்சி மண்ணைக் காய வைக்கும். அதுதான் இருக்கிறதென்றால் சட்டியைத் துளையிட்ட பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு உள்ளே வைத்தால் உண்மையான அளவு தெரியும். முதல் நான்கு வாரம் 8, 9 டிகிரி, வேருக்காக. பிறகு 4, 5 டிகிரி. சட்டி பின்சுவரைத் தொடக்கூடாது, தொட்ட பக்கம் உறைந்துவிடும். வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், எடை குறைந்திருந்தால் அரை டம்ளர் தண்ணீர். விளக்கு வேண்டாம். மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலும் ஒன்றும் ஆகாது. ஈர மண் குளிரைப் பிடித்துவைத்திருக்கும், கதவைத் திறக்காமலிருந்தால் சரி.

பழம் கூடாது, ஒன்றுகூட. தீபாவளிக்கு வந்த ஆப்பிள், மாம்பழம், கட்டிவைத்த டுரியான் சுளை எதுவானாலும் எத்திலீன் கக்கும். குருத்து பச்சையாகவே நீண்டு வரும், உள்ளே மொட்டு காய்ந்த காகிதம்போல இருக்கும். சேதம் நடந்தது மூன்று மாதத்துக்கு முன் என்பது அப்போதுதான் புரியும். உதிரிக் கிழங்கு மீந்து அதே பெட்டியில் இருந்தால் எழுதி ஒட்டிவையுங்கள், பார்வைக்குப் பெரிய வெங்காயம்தான். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் டச்சுக்காரர்கள் இதைத் தின்று உயிர் பிழைத்தது நிஜம், ஆனால் சாம்பாருக்கு ஆகாது. பூனை, நாய்க்கும் நஞ்சு.

அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்து, குருத்து 4, 5 செ.மீ. ஏறியிருந்தால் எடுக்கலாம். 12 வாரத்தில் எடுத்த சட்டிகளில் பூ இலைக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டது, தண்டு நீளவில்லை. 14 வாரத்தில் ஒழுங்காக வந்தது. 16 தாண்டினால் உள்ளேயே நீண்டு வெளுக்கிறது. எடுத்த சட்டி நேரே வெளிச்சத்துக்குப் போகக்கூடாது. 18 முதல் 20 டிகிரி ஏர்கோன் அறையில் முதல் நான்கு நாள் மங்கலில், பிறகு ஜன்னலோரம். இரண்டு, மூன்று வாரத்தில் மொட்டு நிறம் காட்டும். ஆகமொத்தம் 17 வாரம்; தைப்பூசத்துக்குப் பூ வேண்டுமென்றால் அப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். ஜனவரியிலேயே தைப்பூசம் வருகிற ஆண்டில், கிழங்கு கைக்கு வரும் தேதியே இடிக்கும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் விபத்து தண்டு மடிவது. மொட்டுக்குக் கீழே தண்ணீர் கோத்த மாதிரி ஒரு கண்ணாடித் திட்டு தெரியும், மறுநாள் அங்கேயே மடங்கும். வேகமாக நீளும் தண்டுக்குச் சுண்ணாம்புச் சத்து எட்டாததால் வருவது. மிளகாய்ப் பயிருக்கு விற்கும் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம், வாரம் ஒருமுறை விட்டால் நிற்கிறது. மண்ணைக் குளிரவைக்க ஐஸ்கட்டியை மேலே வைக்கும் வித்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரை மணி நேரம் குளிர்கிறது, பிறகு கழுத்து ஈரத்தில் ஊறுகிறது.

நிறம் காட்டிய பிறகு வாசலுக்கு. கிழக்குப் பக்கம், காலை ஒன்பதரை வரை. சிங்க் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். நாலு மணி மழை இதழில் பட்டால் மறுநாள் பழுப்புப் புள்ளி, அது போட்ரைடிஸ் பூஞ்சை. இரவு மறுபடி ஏர்கோன் அறை.

வகைகளில் 'மான்டி கார்லோ' என்னும் மஞ்சள் அடுக்குத் துலிப்தான் என் முதல் தேர்வு. குட்டைத் தண்டு, நல்ல வாசனை, முழுக்க விரிந்துகொள்ளாததால் ஐந்து நாள் தாங்கும். 'ஏப்ரிகாட் பியூட்டி' நிறத்துக்காக வளர்க்கலாம், நான்கு நாள். ஃபாஸ்டெரியானா இனத்து வெள்ளை 'பியூரிசிமா' உயரமாக வந்து சாய்கிறது. காஃப்மேனியானா வகைதான் எல்லாவற்றுக்கும் முந்திப் பூக்கும் என்பார்கள்; வெயில் பட்டதும் அல்லிப்பூபோல் மல்லாந்து விரிவது அதன் குணம், 30 டிகிரியில் ஒன்பது மணிக்கே விரிந்து மூன்றாம் நாள் இதழ் கொட்டிவிடுகிறது.

அதே கிழங்கு அடுத்த ஆண்டு பூக்காது. இலை வாரக்கணக்கில் குளிர்ச்சியில் நின்று புதுக் கிழங்கை ஊட்ட வேண்டும்; இங்கே சீக்கிரமே மஞ்சளாகி, கோலிக்குண்டு அளவுக் குட்டிகள்தான் மிஞ்சும். உரக்குழியில் போட்டுவிடுங்கள். மண்ணிலேயே நின்று ஆண்டுதோறும் பூக்க வேண்டுமென்றால் சியாம் துலிப் இருக்கிறது. பெயர்தான் துலிப், உண்மையில் மஞ்சள் செடிக்குத் தங்கச்சி. ஐஸ்பெட்டியும் கேட்காது.