விளையாட்டு வீரரின் சீஷத்துவம்: பெருங்கூட்டமா, நெருங்கிய உறவா?

விளையாட்டு வீரர்களை இயேசுவின் சீஷர்களாக விசுவாசத்தில் வளர்க்கும் ஊழியம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் நடக்கிறது: ஒன்று, புகழ்பெற்ற வீரரின் சாட்சியை, அதாவது அவர் தம் விசுவாச அனுபவத்தைச் சொல்வதை, பலர் கூடிக் கேட்கும் பெருங்கூட்டம், மற்றொன்று, முதிர்ந்த விசுவாசி ஒருவர் ஓரிருவரோடு தொடர்ந்து வேதம் வாசித்து, ஜெபித்து, வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்வது.

ஸ்காட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடலின் வாழ்வில் இரண்டையும் காணலாம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் தங்கம் வென்ற அவர் பேச, ஸ்காட்லாந்தில் திரளானோர் கூடினர். பின்னர் மிஷனரியாகச் சென்ற சீனாவில், இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியரின் வெய்சியன் முகாமில் சிறைவைக்கப்பட்டு, 1945-இல் இறக்கும்வரை அங்கிருந்த இளையோருக்குப் பாடமும் விளையாட்டும் கற்பித்து அவர்களோடு வாழ்ந்தார்.

கூட்டம் பலரை ஒரே நேரத்தில் எட்டுகிறது. தயங்கி நிற்பவருக்கு முதல் வாசலாகிறது. அதன் பயன் அவ்வளவே என்பது என் கருத்து. காயத்தால் ஓராண்டு ஆட முடியாமலோ அணியிலிருந்து நீக்கப்பட்டோ, தன் மதிப்பே வெற்றியில்தான் இருக்கிறதென நம்பியிருந்த ஒரு வீராங்கனை உடைந்துபோகும்போது, மேடைச் சாட்சி அவருடைய கேள்விக்குத் திரும்பப் பதில் சொல்லாது. அவரை அறிந்த ஒருவரே அருகிலிருந்து கேட்க முடியும். இயேசு பன்னிருவரைத் தெரிந்துகொண்டது முதலாவது தம்மோடு இருப்பதற்காகவே என்று மாற்கு 3:14 கூறுகிறது.

ஆயினும் நெருக்கத்துக்குக் காவல் தேவை. அணித் தேர்வில் அதிகாரமுள்ள பயிற்சியாளரே ஆவிக்குரிய வழிகாட்டியாகவும் இருந்தால், வீரர் தம் பலவீனத்தை மனந்திறந்து சொல்லத் தயங்குவார். சிறார்களை எப்போதும் பிறர் காணக்கூடிய இடத்தில், பெற்றோர் அறியவே சந்திக்க வேண்டும்.