தம்பதியாக பி.ஆர்.எம். ஓட்டுவது: மூன்று பருவங்களின் அனுபவம்

என் கணவரும் நானும் சென்னையிலிருந்து புறப்படும், பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்களில் மூன்று பருவங்களாகச் சேர்ந்து ஓட்டிவருகிறோம். இருவராகச் செல்வதால் என்ன கிடைக்கிறது, என்ன இழக்க நேர்கிறது என்று எங்களிடம் கேட்கும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காக விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் 1904-இல் தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகம் முழுவதும் இப்பயணங்கள் நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300-ஐ 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். நான்கையும் ஒரே பருவத்தில் முடிப்பவருக்கு சூப்பர் ராண்டனர் என்ற தகுதி கிடைக்கும். இது பந்தயம் அன்று. முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. ஆனால் கடிகாரம் நிற்பதில்லை: சாப்பிட்டாலும், பஞ்சர் ஒட்டினாலும், தூங்கினாலும் அந்த நேரமும் கணக்கில் சேரும். சொந்த வாகனம் பின்தொடர்ந்து வந்து வழியில் உதவக் கூடாது. சக பங்கேற்பாளர் உதவுவதற்குத் தடையில்லை. கணவன் மனைவியாகவே வந்தாலும், வழியில் உள்ள கன்ட்ரோல் எனப்படும் சோதனை இடங்களில் முத்திரை வாங்கும் அட்டை ஆளுக்கொன்றுதான், நேரமும் அவரவருக்குத் தனித்தனிதான்.

எங்கள் முதல் 200, ஜனவரி மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் வரை சென்று திரும்புவதாக அமைந்தது. போகும்போது வடகிழக்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியதால் நூறு கிலோமீட்டரை நாலேகால் மணி நேரத்தில் கடந்துவிட்டோம்; திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைந்து அதே தூரத்துக்கு ஆறு மணி நேரம் வாங்கியது. இருவராகச் செல்வதன் முதல் பயன் அங்கேதான் விளங்கியது. ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி மற்றவர் வந்தால், பின்னால் வருபவருக்குக் காற்றின் பாரம் வெகுவாகக் குறையும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டோம். அவர் என்னைவிட வலுவாக மிதிப்பவர் என்பதால், பின்னாளில் எதிர்காற்றில் அவர் எட்டு கிலோமீட்டரும் நான் மூன்று கிலோமீட்டரும் முன்னே செல்வது என்று வகுத்துக்கொண்டோம். ஏற்றத்தில் இதற்கு நேர்மாறாக, மெதுவாக ஏறும் நான்தான் முன்னே செல்ல வேண்டும். அவர் முன்னே சென்றால் தன்னை அறியாமலே வேகத்தைக் கூட்டுவார். நான் விடாமல் துரத்துவேன். இருபது கிலோமீட்டர் கழித்து அதற்கான விலையை இருவரும் கொடுப்போம்.

அதே பருவத்தில் புதுச்சேரி சென்று திரும்பும் 300-ஐ நாங்கள் 20 மணி 25 நிமிடத்தில் முடித்தோம். அதாவது, நேரம் கடந்து வந்து சேர்ந்தோம், அட்டை செல்லாது. இந்த அனுபவத்திலேயே மிக முக்கியமானது இதுதான் என்பதால் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் மிதித்த நேரம் 15 மணி 50 நிமிடம், சராசரி மணிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர். வேகத்தில் குறையில்லை. மீதி 4 மணி 35 நிமிடமும் நாங்கள் நின்ற நேரம். அவருக்கு முட்டுக்காட்டில் காபி வேண்டும்; எனக்கு மரக்காணம் தாண்டியதும் கழிப்பறை வேண்டும்; அவர் கழுத்து வலிக்கிறது என்று நிற்பார்; நான் இரவுக் குளிருக்கு மேற்சட்டை மாட்ட நிற்பேன். தனியாகச் செல்பவர் ஏழெட்டு முறை நிற்கும் தூரத்தில் நாங்கள் பதினான்கு முறை நின்றிருந்தோம். ஒருவருடைய தேவையில் மற்றவர் சும்மா நின்றார், அடுத்த அரை மணியில் இவருடைய தேவையில் அவர் நின்றார். ஜோடியாகச் சென்றால் வேகம் குறையும் என்றுதான் எல்லோரும் எச்சரித்தார்கள். எங்கள் அனுபவத்தில் வேகம் குறையவில்லை, நிற்பதுதான் இரட்டிப்பானது.

அதன்பிறகு, ஒருவர் நின்றால் இருவருமே தண்ணீர் நிரப்புவது, உப்புக்கரைசல் குடிப்பது, கழிப்பறை செல்வது என எல்லாவற்றையும் அந்த நிறுத்தத்திலேயே முடிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். இதில் கழிப்பறை பெண்களுக்குத் தனிச் சிக்கல் என்பதை ஆண் துணைகள் முன்பே புரிந்துகொள்வது நல்லது. அவருக்கு எந்த மரத்தடியும் போதும். எனக்குப் பூட்டிக் கிடக்காத, தண்ணீர் வரும், விளக்கு எரியும் கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க்கோ பெரிய உணவகமோ வேண்டும். அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்த தவற்றை முதல் பருவத்தில் செய்தேன். மாலைக்குள் தலைவலியும் தசைப்பிடிப்பும் வந்தன. இப்போது வழியில் உள்ள நல்ல இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, எங்கள் நிறுத்தங்களை அவற்றைச் சுற்றியே அமைக்கிறோம். தயிர்சாதமும் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் பையில் இருப்பதால் உணவுக்கென்று தனியாக நிற்க வேண்டியதில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, இருவருடைய சைக்கிளுக்கும் ஒரே அளவுச் சக்கரம், ஒரே வகை வால்வு இருப்பது பெரிய நிம்மதி: மாற்று டியூப்களும் பம்பும் பொதுவாகின்றன. சங்கிலி மட்டும் எனக்குப் பின்சக்கரத்தில் 9 கியருக்கானது, அவருக்கு 10 கியருக்கானது என்பதால், அறுந்தால் பூட்டும் இணைப்புக் கண்ணியைத் தனித்தனியாக எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பருவத்தில் 300-ஐ நேரத்துக்குள் முடித்துவிட்டு, ஜி.எஸ்.டி. சாலையில் உளுந்தூர்பேட்டை வரை சென்று திரும்பும் 400-க்குப் புறப்பட்டோம். திரும்பும் வழியில், திண்டிவனத்துக்கு முன்பு, அவருக்கு வயிறு கெட்டு மிதிக்க முடியாமல் போனது. "நீ போம்மா, நான் பஸ் பிடிச்சு வந்துடுறேன்" என்றார். "உங்களை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?" என்று நான் சாலையோரத்தில் அமர்ந்துவிட்டேன். அந்த இடத்தில் இருபத்தைந்து நிமிடம் விவாதித்தோம். அப்போது பின்னால் வந்த இரண்டு பங்கேற்பாளர்கள் தங்களுடன் சேர்ந்துகொள்ளச் சொன்னதால்தான் நான் கிளம்பினேன். லாரிகளும் ஆம்னி பஸ்களும் உரசிச் செல்லும் அந்தச் சாலையில் இரவில் தனியாகச் சென்றிருக்க மாட்டேன். 26 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். மகிழ்ச்சியைவிடக் குற்றவுணர்வே மேலோங்கியிருந்தது. அவரோ வீட்டுக்கு வந்து என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைவிட அதிகமாக மகிழ்ந்தார். இப்படி ஒரு முடிவைச் சாலையோரத்தில், களைப்பில், பசியில் எடுக்கக் கூடாது. ஒருவர் நிற்க நேர்ந்தால் மற்றவர் தொடர்வாரா என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே பேசி முடித்துவிட வேண்டும். காயமோ மயக்கமோ என்றால் இருவரும் நிற்போம்; வேறு காரணம் என்றால் நிற்பவர் பேருந்து நிலையத்தையோ விடுதியையோ அடைந்த பின்பு மற்றவர் தொடர்வார் என்பது இப்போது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு.

மூன்றாம் பருவத்தில் 200, 300, 400 மூன்றையும் இருவரும் முடித்தபின், பெரம்பலூரைத் தாண்டிச் சென்று திரும்பும் 600-ஐ 38 மணி 50 நிமிடத்தில் சேர்ந்தே முடித்தோம். அதில் நின்ற நேரம் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். தூங்கியது அதற்குள் இரண்டரை மணி நேரம். துணையின் அருமை அதிகாலை இரண்டு மணிக்கும் நாலரை மணிக்கும் இடையில்தான் தெரிகிறது. கண் திறந்திருக்கும்போதே மூளை தூங்கும் நேரம் அது. முன்னே செல்பவரின் சைக்கிள் இலேசாக வளைந்து வளைந்து போவதைப் பின்னால் வருபவர் பார்த்துவிடுவார், ஓட்டுபவருக்குத் தெரியாது. அப்படி அவர் இருமுறை என்னை நிறுத்தினார், நான் ஒருமுறை அவரை நிறுத்தினேன். ஒருமுறை பேருந்து நிழற்குடையில் நான் பதினைந்து நிமிடம் உறங்க, அவர் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் விழித்திருந்தார். தனியாக வந்திருந்தால் ஒரு பெண்ணாக அந்த இடத்தில் கண்ணை மூடத் துணிந்திருப்பேனா என்பது ஐயமே. நேரத்தைத் தின்றாலும் ஜோடியாக ஓட்டலாம் என்று நான் பரிந்துரைப்பதற்கு அந்தப் பதினைந்து நிமிடமே எனக்குப் போதிய காரணம்.

இருவரில் ஒருவருக்கு மட்டுமே இதில் ஆர்வம் இருந்தால் வற்புறுத்தி அழைத்து வராதீர்கள். 200 கூட நரகமாகிவிடும். ஆர்வம் இருவருக்கும் இருந்து வேகம் மட்டும் வேறுபட்டால் அஞ்சத் தேவையில்லை. மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் வித்தியாசத்தை, காற்றில் யார் முன்னே என்பதை முறைப்படுத்தியே சமாளித்துவிடலாம்.

அடுத்தது 75 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய 1000. நான் பதிவு செய்யப்போகிறேன். அவர் இம்முறை ஓட்டவில்லை. ஒரு கன்ட்ரோலில் தன்னார்வலராக அமர்ந்து அட்டைகளில் முத்திரை குத்துவதற்கு இடம் கேட்டிருக்கிறார்.